இரண்டு தசம் எட்டு

முப்பது வருடம் நான் செய்த வேலையை என் மாமியாருக்கு விளங்கப்படுத்த முடியாமலே போய்விட்டது. ஒரு குழாயை வெட்டாமல், துளைக்காமல், உடைக்காமல் அது உடையுமா உடையாதா என்று சொல்வதுதான் என் தொழில் என்றேன். "உடைஞ்சா தானா தெரிஞ்சிட்டுப் போகுது மாப்பிள்ளை, அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?" என்று கேட்டார். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு வந்தவனை மூத்தவர் என்று அழைப்பது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் பரிசோதகர்களுக்கான பயிற்சி நிலையம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது, அதில் மூத்தவர்களின் அனுபவம் வேண்டுமாம். என்னிடம் கேட்டவர் ரிஸ்னா. பண்டாரவளைக்காரர், பதுளையில் நான் விட்டுப்போன மேசையில் இப்போது இருப்பவர். எதையாவது எழுதுங்கள் என்று அவர் கேட்கவில்லை. "அந்த மடுல்சீமைக் கதைய எழுதுங்க சேர், ஞாயித்துக்கிழமை ஓடிப்போய் பாய்லர நிப்பாட்டினீங்களே, அத" என்றார்.

அந்தக் கதையில் நான் வீரன். அது பதுளையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பியதில் கொஞ்சம் பெருத்தும்விட்டது. எரிகிற அடுப்புக்குள் நான் பாய்ந்ததாகக்கூட ஒரு வடிவம் உலவுகிறது. நான் பாயவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதி முடித்த பிறகு இதை மலரில் போடுவதா வேண்டாமா என்பது ரிஸ்னாவின் தலைவலி.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் ஒன்றரை வருடம். இரும்பை உருக்கி ஒட்டிய இடத்தின் மேல் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சிவப்புக் கோடாக எழும்பும். காந்தம் வைத்து இரும்புத்தூள் தூவினால், தூள் வெடிப்பின் ஓரத்தில் போய்க் கூடும். செம்புக் குழாய்க்குள் மின்சுருள் ஒன்றைச் செலுத்தி அரிப்பைத் தேடலாம். இதையெல்லாம் படித்தேன். முதல் மாதத்தில் நானாகக் கண்டுபிடித்தது, அந்தச் சிவப்புச் சாயம் வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது என்பது மட்டும்தான்.

பிறகு ஊவாவுக்கு அனுப்பினார்கள். நான் பதுளையில் பிறந்தவன், தேயிலை ஆலைகள் இருக்கும் ரோட்டுகள் எனக்குத் தெரியும் என்பது அவர்கள் காரணம். ரோட்டுகள் தெரிந்த காரணத்தாலேயே நான் போக விரும்பவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

ஆலைகளில் என் முக்கியமான வேலை தடிப்பு அளப்பது. தேயிலை உலர்த்த நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு பாய்லர். அதன் தீயறையின் நான்கு சுவர்களும் வரிசையாக நிற்கும் இரும்புக் குழாய்களால் ஆனவை. உள்ளே தண்ணீர், வெளியே நெருப்பு. சாம்பலும் சூடும் குழாயை வருடா வருடம் தின்னும். எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க, ஆறிய தீயறைக்குள் முழங்காலில் புகுந்து, குழாயை உரசிச் சுத்தமாக்கி, ஜெல் தடவி, விரல் நுனி அளவான புரோப் ஒன்றை வைப்போம். அது காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பும். ஒலி மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, கையிலிருக்கும் சின்னத் திரையில் தடிப்பு மில்லிமீட்டரில் விழும்.

அந்தப் பழைய கருவிக்கு ஒரு கோளாறு உண்டு. இரும்பு மிகவும் மெலிந்துபோன இடத்தில் முதல் எதிரொலி மிக விரைவாகத் திரும்பிவிடும். கருவி அதைத் தவறவிட்டு, இரண்டாம் முறை போய்வரும் எதிரொலியைப் பிடித்துக்கொள்ளும். எண் இரண்டு மடங்காகிவிடும். அதாவது குழாய் ஆபத்தாக இருக்கும் இடத்தில்தான் கருவி சந்தோஷமான செய்தி சொல்லும். இதைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி.

என் மேலதிகாரி சிவகுருநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாரையும் நீர் என்றுதான் பேசுவார், தோட்டத்துத் துரையையும் சேர்த்து. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தொடங்கும் முன் படிப்படியாக வெட்டிய ஓர் இரும்புத் துண்டில் கருவியைச் சரிபார்ப்பார். முடித்த பிறகும் சரிபார்ப்பார். இடையில் யாராவது தும்மினாலும் சரிபார்ப்பார் என்று நாங்கள் அவருக்குப் பின்னால் சொல்வோம். ஒவ்வொரு புள்ளியிலும் புரோப்பை ஒருமுறை வைத்து, கால்வட்டம் திருப்பி மறுமுறை வைப்பார். உள்ளே இருப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும், வெளியே வாசலில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அளக்கிறவன் தானே எழுதக்கூடாது. "கண்ணும் கையும் ஒரே ஆளிட்ட இருந்தா ரெண்டும் சேர்ந்து பொய் சொல்லும்" என்பார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். கடைசிப் புள்ளி முடியும்வரை ஆலையில் சாப்பாடு கிடையாது. தோட்டங்களில் இது பெரிய அவமரியாதை. வந்த அதிகாரிக்கு டீ மேக்கர் வீட்டிலிருந்து சோறு வரும், கோழிக் கறி வரும், இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளாவிட்டால் மனம் நோவார்கள். ஆலையையே நடத்துகிற டீ மேக்கரின் மனத்தை நோகடித்துவிட்டு ஆலைக்குள் வேலை பார்க்க முடியாது. ஐயா எப்படியோ சமாளித்தார். சீனி போடாத வெறும் தேத்தண்ணி மட்டும் குடிப்பார். காரணம் கேட்டபோது எனக்குச் சொன்னது இது: "கோழிக்காலைத் திண்ட பிறகு, ரெண்டு தசம் ஒண்டு வந்தா ரெண்டு தசம் ரெண்டாத்தான் தெரியும்."

நான் சிரித்தேன்.

மடுல்சீமைக்கும் அப்பால் இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு ஏழு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை தனியாகப் போனேன். பாய்லர் இரண்டு நாளாக ஆறிக் கிடந்தது. தீயறையின் செங்கல்லைக் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். ஞாயிறு காலை சின்னத் தீ மூட்டி ஈரச் செங்கல்லைக் காயவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அழுத்தம் ஏற்றுவது, திங்கட்கிழமை கொழுந்து வர ஆயத்தமாக இருப்பது என்பது திட்டம். கொழுந்து கொட்டும் மாதம் அது. பாய்லர் இல்லாவிட்டால் பறித்த கொழுந்து அழுகும்.

எனக்கு வாசலில் நின்று எண் எழுதியவர் முத்தையா. பதினெட்டு வருடமாக அந்த பாய்லருக்கு விறகு போடுகிறவர். பேச்சுக் குறைவு, எழுத்து அச்சு மாதிரி. நான் உள்ளேயிருந்து "மூன்று தசம் ஒன்று" என்பேன். "மூணு தசம் ஒன்னுங்க" என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவார். புதுக் குழாய் மூன்று தசம் ஆறு. இரண்டு தசம் இரண்டுக்குக் கீழே போனால் குழாயை மாற்ற வேண்டும். காலை முழுக்க அப்படி இறங்கும் எண் ஒன்றுமில்லை.

பன்னிரண்டரைக்கு டீ மேக்கர் வந்து வாசலில் குனிந்தார். பதினொரு குழாய் பாக்கி என்றேன். "குழாய் எங்கயும் போயிறாது சேர், சோறு ஆறிடும்" என்றார். சிவகுருநாதன் ஐயா பதுளையில் இருந்தார். நான் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன், யார் மனத்தையும் நோகடிக்கவில்லை.

மூன்றரை மணிக்குத் தீக்கதவின் பக்கத்துக் குழாய்களுக்கு வந்தேன். விறகு தள்ளுகிறவர் நிற்கும் இடத்துக்கு நேர் உள்பக்கம் அது, சாம்பல் அதிகம் அரிக்கிற இடம். முழங்கால் இரண்டும் கடுத்தது. நாலே முக்கால் பஸ் போனால் அடுத்தது மறுநாள். ஒரே உயரத்தில் குழாய்க்குக் குழாய் வைத்துக்கொண்டே போனேன். மூன்று தசம் ஒன்று. இரண்டு தசம் ஒன்பது. இரண்டு தசம் ஆறு. இரண்டு தசம் நாலு. கதவை நெருங்க நெருங்க எண் இறங்கிக்கொண்டு வந்தது. அடுத்த குழாயில் புரோப்பை வைத்தேன்.

திரையில் 1.4 என்று வந்தது.

கண் இமைக்கும் நேரம். புரோப் கொஞ்சம் அசைந்தது. எண் 2.8 ஆகி, அப்படியே நின்றது. அசையாமல், பிடிவாதமாக நின்றது. நிலையாக நிற்கும் எண்ணை எடு என்றுதான் கைநூலிலும் இருக்கிறது. நான் கால்வட்டம் திருப்பி மறுமுறை வைக்கவில்லை.

"இரண்டு தசம் எட்டு."

"ரெண்டு தசம் எட்டுங்க" என்றார் முத்தையா.

அதற்கடுத்தது, கதவின் மறுபக்கம், இரண்டு தசம் ஐந்து. முடித்து வெளியே வந்து, எல்லாம் எல்லைக்கு மேலே இருக்கிறது, தீ மூட்டலாம் என்று டீ மேக்கரிடம் வாயால் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடித்தேன். இருக்கை கிடைத்தது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சாப்பாட்டு மேசையில், முத்தையாவின் அச்சு எழுத்தைப் பார்த்து அறிக்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 3.1, 2.9, 2.6, 2.4, 2.8, 2.5. ஐந்தாவது எண்ணை எழுதும்போது பேனா நின்றது. கதவுக்கு மிக அருகிலுள்ள குழாய், மிகவும் அரிபட வேண்டிய குழாய், பக்கத்துக் குழாய்களைவிடத் தடிப்பாக இருக்கிறது. புதிதாக மாற்றிய குழாயோ என்றால், மூன்று தசம் ஆறல்லவா காட்ட வேண்டும்? இரண்டு தசம் எட்டில் பாதி ஒன்று தசம் நாலு. இந்தக் கணக்குக்கு எனக்குப் பேனா தேவைப்படவில்லை. விடையை முன்னரே பார்த்திருந்தேன்.

முதலில் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். உண்மையாகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த பாய்லரின் அழுத்தத்துக்கு, அந்த விட்டமுள்ள குழாய்க்கு, ஒன்று தசம் நாலு மில்லிமீட்டர் கடதாசியில் தாங்கும். இரண்டு தரம் போட்டேன், இரண்டு தரமும் தாங்கியது. பிறகுதான் உறைத்தது, நான் புரோப் வைத்த இடம் ஒரு சதத்து நாணயம் அளவு. அதுதான் அந்தக் குழாயின் மிக மெலிந்த இடம் என்று யார் எனக்குச் சொன்னது? இரண்டு விரல் தள்ளி என்ன இருக்கிறது?

ஆலைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஞாயிறு, அலுவலகம் பூட்டு. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டீ மேக்கரின் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் மூன்று மொழியில் சொன்னார். பதினோராம் தடவை அவர் சொல்லும்போது மனைவி வந்து, யாரிடம் இவ்வளவு நேரம் பேசாமல் பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணின்னுதானே சொன்னீங்க? பஸ்ஸப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. திரீவீலரைப் பிடிங்க" என்றார்.

பதுளையிலிருந்து பசறை, பசறையிலிருந்து மடுல்சீமை, அதற்கப்பால் ரோட்டு என்று பெயர் வைத்திருக்கும் ஒன்று. திரீவீலர்க்காரர் வழிமுழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். தன் மச்சானின் கல்யாணத்தைப் பற்றி. எனக்கு ஒரு வார்த்தையும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாய்லர் குழாய் போனால் மலையில் எத்தனை தூரத்துக்குக் கேட்கும் என்று எந்தக் கைநூலிலும் இல்லை. ஆலையின் புகைபோக்கி தெரிந்தபோது அதில் புகை வந்துகொண்டிருந்தது. சின்னத் தீயின் புகை அவ்வளவு கறுப்பாக இருக்காது.

மணி ஒன்று பத்து. செங்கல் சீக்கிரம் காய்ந்துவிட்டதென்று முன்கூட்டியே அழுத்தம் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அழுத்தமானியின் முள் இரண்டைத் தாண்டி நின்றது. முத்தையா தீக்கதவின் முன்னால் நின்று ஒரு கட்டை தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க ஐயா, ஏதும் வச்சிட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

டீ மேக்கர் வந்தார். தீயை இழுக்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். ஒரு எண்ணை நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நேற்றைய கோழி முழுவதும் இருந்தது.

"நேத்து நல்லா இருக்குன்னீங்க. இன்னைக்கு நல்லா இல்லேங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க சேர்? நாளைக்கு எனக்குக் கொழுந்து வருது."

"அந்தக் குழாய் வெடிச்சா முன்னுக்கு நிக்கிறது அவருதான்" என்றேன்.

"வெடிக்கும்னு சொல்றீங்களா?"

"தெரியாது."

முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்ன ஒரே சுத்தமான உண்மை அதுதான். அவர் கொஞ்ச நேரம் முள்ளைப் பார்த்தார். பிறகு முத்தையாவைப் பார்த்து, இழுத்துரு என்றார்.

தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக்கூடாது. எரிகிற கட்டைகளை நீளக் கொக்கியால் ஒவ்வொன்றாகக் கதவு வழியே வெளியே இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். கதவைத் திறந்துகொண்டு, அந்தக் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி நின்று செய்கிற வேலை. முத்தையா செய்தார். முக்கால் மணி நேரம். நான் எங்கே நின்றேன் என்பது எந்தக் கதை வடிவத்திலும் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நான் ஒரு கொங்கிரீட் தூணுக்குப் பின்னால் நின்றேன். முள்ளைக் கவனிப்பதற்கு அந்த இடம் வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முள் தெரிந்தது, உண்மைதான்.

சிவகுருநாதன் ஐயாவுக்கு டீ மேக்கர்தான் தகவல் சொன்னார். அவர் செவ்வாய்க்கிழமை காலை, மெலிந்த இரும்புக்கென்றே இருக்கும் சின்ன புரோப்பைக் கொண்டு வந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர், தானே தீயறைக்குள் முழங்காலில் போனார். நான் வாசலில் நின்று எழுதினேன். இரும்புத் துண்டில் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"ஒண்டு தசம் நாலு."

"ஒன்று தசம் நாலு" என்றேன். எழுதினேன்.

கால்வட்டம் திருப்பி வைத்தார். அதே எண். புரோப்பை நகர்த்துகிறார் என்று தெரிந்தது. "இதில வாசிப்பே வருதில்லை" என்றார். பிறகு ஒரு திருப்புளி கேட்டார். நீட்டினேன். இரண்டு விரல் மேலே, சாம்பல் குடைந்த ஒரு குழியில் அதன் நுனியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் அவர் கையில் வழிந்தது.

அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, விறகுக் குவியலில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "திரையில ஒருக்காலெண்டாலும் ஒண்டு தசம் நாலு வந்ததோ?"

எனக்கு அப்போது ஐம்பது வயது. மகள் பாடசாலையில். கருவியின் கோளாறு என்றால் கருவியின் கோளாறு, அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை தப்பிவிடும். எண்ணைப் பார்த்துவிட்டு மறைத்தவன் என்றால் கதை வேறு.

"இல்லை ஐயா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. இல்லை எண்டால் இல்லை எண்டே எழுதும்" என்று படிவத்தை என்னிடமே தந்தார். பரிசோதகருக்குப் பிழையான அளவு என்று அறியக்கூடிய அடையாளம் எதுவும் திரையில் தோன்றவில்லை என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன். அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை எங்கும் தனியாக அனுப்பத் தயங்கவும் இல்லை. நம்பினாரா, நம்பாமலே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. போன வருடம் அவர் காலமானார். அவர் போன பிறகு இதை எழுதுவதில் பெரிய துணிச்சல் ஏதுமில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

குழாயை மாற்றினார்கள். ஒரு வாரக் கொழுந்தை வேறு ஆலைக்கு அனுப்பினார்கள். தானாகத் திரும்பி வந்து தன் பிழையைச் சொன்னவன் என்று கொழும்பில் எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். முத்தையா வீட்டிலிருந்து அந்தத் தீபாவளிக்கு பஸ் கண்டக்டர் கையில் ஒரு பார்சல் வந்தது, அச்சுமுறுக்கும் ஒரு கிலோ தேயிலைத் தூளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் வருகிறது. ஏழு வருட முறுக்கைத் தின்றிருக்கிறேன். நல்ல முறுக்கு.

ரிஸ்னா எழுதச் சொன்ன பிறகு, முத்தையாவிடம் சொல்லாமல் எழுதக்கூடாது என்று பட்டது. போன மாதம் மடுல்சீமைக்குப் போனேன். அவரும் இப்போது வேலையில் இல்லை. தன் லய வரிசை வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஐயா இல்லாட்டி இந்த வீட்டுல விளக்கு எரியாதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு உதவியாக இருக்கவில்லை.

சொன்னேன். 1.4 வந்ததை, பஸ்ஸை, கோழியை, ஐயாவிடம் இல்லை என்றதை, எல்லாவற்றையும். முத்தையா கையில் ஒரு லீக்ஸை வைத்து மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தார். உதிர்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப அன்னைக்குத் தூணுக்குப் பின்னால போய் நின்னீங்களே, அது அதுக்குத்தானுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் பார்த்திருக்கிறார். ஏழு வருடம் முறுக்கு அனுப்பிக்கொண்டே.

"நான் நெனச்சேன், ஐயாவுக்குப் புகை ஒத்துக்காது போலன்னு." மறுபடி மண்ணை உதிர்த்தார். கோபம் இருந்ததா என்று பார்த்தேன். எனக்கு வாசிப்பு வரவில்லை. பிறகு அவர் தலையை நிமிர்த்தி, சாதாரணமாக, விறகுக் கணக்குக் கேட்பது மாதிரி கேட்டார்.

"இது மாதிரி வேற எத்தன பாய்லர்லங்க பாத்தீங்க?"

"இது ஒன்னுதான்" என்றேன், அவர் கேட்டு முடிக்கும் முன்பே.

பஸ்ஸில் வரும்போது என் வேகம் எனக்கே உறைத்தது. 'இல்லை ஐயா' என்று சொன்ன அதே வேகம். யோசித்துப் பார்க்காமல் சொன்னது. அந்தக் குழாய் ஞாபகத்தில் நிற்பதற்குக் காரணம், மறுநாள் அது என்னைப் பயமுறுத்தியது. மற்ற நாட்களில் பயப்பட எதுவும் நடக்கவில்லை. ஒரு எண் கண் இமைக்கும் நேரம் வந்து மறைந்திருந்தால், அதைச் சந்தோஷமாக மறந்திருப்பேன். நாலே முக்கால் பஸ் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. கோழியும் இருக்கிறது.

வீட்டில் என் பழைய குறிப்புப் புத்தகங்கள் அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. மூன்று வாரமாக, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, தீக்கதவை நெருங்கும்போது எண் இறங்கிவந்து திடீரென்று ஏறும் இடங்களைத் தேடினேன். எத்தனையோ பக்கம். பெரும்பாலானவற்றில் மாற்றிய குழாய் என்ற குறிப்பு பக்கத்திலேயே இருந்தது. குறிப்பு இல்லாமல் ஏறியவை மூன்று. மூன்றிலும் திரையில் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று நானே சொல்வதை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை.

ஒரு பாய்லரைப் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள். மொனராகலைப் பக்கத்தில் இருந்த மற்றொன்றின் குழாய்கள் எல்லாவற்றையும் பிறகு மாற்றியிருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது கொஸ்லந்தையில். அந்த ஆலை நான் அளந்த அடுத்த வருடமே மூடப்பட்டு, இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது. இப்போது யாரோ எடுத்துத் திறக்கிறார்கள். பாய்லரின் கோப்பில் கடைசியாக இருக்கும் தாள் என்னுடையது. கதவிலிருந்து மூன்றாவது குழாய், இரண்டு தசம் ஏழு.

ரிஸ்னாவிடம் தொலைபேசியில் சொன்னேன். முதலில் இந்தக் கட்டுரையின் விஷயத்தை, பிறகு மூன்றாவது குழாயை. "நாங்க எப்படியும் புதுசாத்தான் அளப்போம் சேர். இப்ப உள்ள மெஷின்ல எதிரொலியே படமா விழும், முதலாவதா ரெண்டாவதா என்டு கண்ணால பாக்கலாம்" என்றார். தெரியும் என்றேன். ஆனால் கோப்பில் நல்ல எண் ஒன்று இருந்தால், அளக்கிறவர் அந்த இடத்துக்கு வரும்போது கொஞ்சம் இளைப்பாறுவார், அது எந்த மெஷினுக்கும் தெரியாது என்றேன். மலரைப் பற்றி அவர் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கொஸ்லந்தைக்குப் போவதாக மட்டும் சொன்னார்.

வாசலில் நின்று எண் எழுத ஆள் வேண்டுமா என்று கேட்டேன். ஆலையில் ஒருவரைத் தருவார்கள் என்றார். நான் தொலைபேசியை வைக்கவில்லை. கடைசியில், "ஆறரை பஸ் சேர், சோத்துப் பார்சல் நீங்களே கொண்டு வாங்க" என்றார்.

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் இருக்கிறது. கொஸ்லந்தையில் அந்தக் குழாய் நன்றாகவே இருக்கலாம், நான் அன்று சரியாகத்தான் அளந்திருக்கலாம். அப்படி இருந்தால் நான் முட்டாளாகத் தெரிவேன், அது எனக்குப் பழகிய வேலை. ரிஸ்னா உள்ளேயிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவேன். சொல்வதற்கு முன் அவர் கொஞ்சம் தயங்கினால், என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன், அதையும் எழுதுவேன்.